கோடை உத்தரவு

மீன் மார்க்கெட் ஐஸ் கம்பெனியிலிருந்துதான்
பூரணிக்குப் பனி வரும்.
அரைக் கட்டி, சாக்கில் சுற்றி, டிவிஎஸ்ஸின் பின்சீட்டில்.
மத்தி வாசனை போகாத பனி.
அவள் கண்ட இமயமலை அதுதான்:
பதினொரு மணிக்கு வந்து
பன்னிரண்டுக்குள் சாக்கடையில் இறங்கிவிடுகிற மலை.

பலகையில் இமயமலைக் கருங்கரடி என்று இருக்கிறது.
பிறந்தது இங்கே, நான்காம் நம்பர் கொட்டடியில்,
ஒரு பங்குனி வெயிலில்.
ரோமத்துக்கு அந்த விவரம் தெரியாது.
யாரோ என்றோ சொல்லிவைத்த குளிருக்காக
அது தன் பாட்டுக்கு வளர்ந்தது,
பிறகு முழங்கையிலும் முதுகிலும்
தன் பாட்டுக்கு உதிர்ந்தது.

நாளெல்லாம் எட்டுப் போடுவாள்.
தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம்,
செத்த மரத்தைச் சுற்றி ஒன்று.
சிமெண்டில் அந்த எட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும்.
"லைசென்ஸ் வாங்கப் போகுதுடா" என்பார்கள்
பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
நானும் சிரித்திருக்கிறேன், முதல் வருஷம்.

டாக்டர் ஷாகிதா ஏழு கோடைக்கும் மனு எழுதினார்.
முன்பெல்லாம் கோடை வந்தால் கோட்டையே
கோப்பும் குமாஸ்தாவுமாக நீலகிரிக்கு ஏறுமாம்,
துரைகளுக்கு வேர்க்கும் என்று.
இவளுக்கு வேர்ப்பது வெளியே தெரியாது.
நாக்கைத் தொங்கவிடுவாள், அவ்வளவுதான்.
அதனால் தாமதம் போல.

எட்டாம் சித்திரையில் உத்தரவு வந்தது.
கேத்திக்கு மேலே, வனத்துறைக் காப்பகம்.
அறுபது நாள்.

கல்லாறில் விடியவில்லை.
பர்லியாறு தாண்டி ரேடியேட்டர் கொதித்துவிட்டது.
இருதயராஜ் குடத்தோடு ஓடையைத் தேடிப் போனான்.
பின்னால் கூண்டுக்குள்
வழியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நகச் சத்தம்
நின்றிருந்தது.
செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
டார்ச் அடித்தேன்.

மூக்கு மட்டும் கம்பிக்கு வெளியே.
மேலேயிருந்து மஞ்சு இறங்கி வந்து
அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.
அவள் அசையவில்லை.
நானும் டார்ச்சை அணைத்துவிட்டேன்.
தண்ணீர் வர அரைமணி ஆயிற்று.
இன்னும் ஆகியிருக்கலாம்.

காப்பகத்து வாட்சர் பெள்ளன்
ஸ்வெட்டரோடு பூட்டைத் திறந்தார்.
"இதெல்லாம் ஒரு குளிரா சார்,
போன வருஷம் எங்க வீட்லயே ஃபேன் வாங்கிட்டோம்" என்றார்.
எனக்குப் பல் கிட்டித்தது.
அவள் புல்லில் ஒரு கால் வைத்து, எடுத்து,
மறுபடி வைத்தாள்.

முதல் வாரம் புல்லிலும் எட்டு.
பத்தாம் நாள் ஒரு வட்டம் விட்டுப்போயிற்று.
பிறகு அவள் வழி எந்த எண்ணாகவும் இல்லை.
சீகை மரத்தடியில் குழி பறித்தாள்,
அதில் படுத்தாள்,
மழையில் நனைந்துகொண்டே குறட்டை விட்டாள்.
முழங்கையில் பூனைக்குட்டிக்கு முளைப்பதுபோல்
கருகருவென்று ரோமம்.
நான் போன் செய்தபோது டாக்டர்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் படிவம் வந்தது.
'விலங்கின் தற்போதைய நிலை.'
உண்மையை எழுதினேன்: நல்ல முன்னேற்றம்.
அந்த ஒரு வார்த்தையின் கீழ்
மேலிடத்தில் பச்சை மையில் கோடிட்டு,
ஆகவே திருப்பி அனுப்பலாம் என்று
ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

இறங்கும்போது இருதயராஜ் பாட்டுப் போடவில்லை.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
காற்று ஒரு சட்டையைக் கழற்றியது.
நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன், மப்ளரை,
பிறகு மேல்பித்தானை.
பின்னால் அவள்
அறுபது நாள் வளர்த்த புது ரோமத்தை
முழுக்கப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லாறு வந்தது.
திறந்த அடுப்பு மாதிரி மேட்டுப்பாளையம்.
கூண்டில் நகம் ஒருமுறை கீறியது.
சற்று நின்று,
இன்னொரு முறை.

மோசம் என்று எழுதியிருக்கலாம்.
ஒரு வார்த்தை.
பேனா என் பையில்தான் இருந்தது.